பாலைவனப் படங்களுக்குப் பின்னால்

'பாலைவனம்' என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது என்ன? கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல். மணல்மேட்டின் முகட்டில் வரிசையாக நடக்கும் ஒட்டகங்கள். நீலத் துணியால் தலையையும் முகத்தையும் மூடிய ஒரு மனிதர். நாட்காட்டிகளிலும் பயண நூல்களிலும் நாம் எத்தனையோ முறை கண்டு மகிழ்ந்த படம் இது. படத்தின் அடியில் 'வட ஆப்பிரிக்கப் பெர்பர்' என்று இரண்டு சொற்கள் இருக்கும். அத்துடன் பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். அந்த மனிதர் யார், அவர் வீடு எப்படி இருக்கும், அவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அவருடைய தாய் அவரோடு எந்த மொழியில் பேசினாள் என்று நாம் கேட்பதில்லை.

இக்கட்டுரையில் அத்தகைய சில படங்களின் முன்னே சற்று நிற்போம். படத்தில் தெரிவதைக் கண்டு களிப்போம். தெரியாததையும் தேடிப் பார்ப்போம்.

பெயரின் கதை

பண்டைக் கிரேக்கர் தம் மொழி அறியாத மக்களை எல்லாம் ஒரே பெயரால் அழைத்தனர். பிறர் பேச்சு அவர்கள் காதில் 'பர், பர்' என்று பொருளற்ற ஒலியாக விழுந்ததாம்! அந்தப் பெயரை ரோமர் எடுத்துக்கொண்டனர். 'பெர்பர்' என்னும் சொல் அவ்வழியாக வந்தது என்பர். ஆக, அது பிறர் சூட்டிய பெயர். அம்மக்கள் தம்மை 'இமாசிகென்' என்று அழைத்துக்கொள்கின்றனர். ஒருவரைக் குறிக்கும்போது 'அமாசிக்' என்பர். 'சுதந்திர மனிதர்' என்று அதற்குப் பொருள் கூறுவது வழக்கம்.

அராபியர் வட ஆப்பிரிக்காவிற்கு வருமுன்பே, ரோமர் வருமுன்பே, அங்கே வாழ்ந்து வந்தவர்கள் இவர்கள். இன்று மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, லிபியா, மாலி, நைஜர் ஆகிய நாடுகளிலும், எகிப்தின் சீவா என்னும் பாலைவனச் சோலையிலும் இவர்கள் பரவியுள்ளனர். மிகப் பெரும்பாலோர் இஸ்லாம் சமயத்தைச் சேர்ந்தவர்கள். மொராக்கோ நாட்டில் 2024-ஆம் ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கின்படி ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அமாசிக் மொழி பேசுகின்றார்.

பாறையில் தீட்டிய பசுமை

முதலில் நாம் காணும் படம் நிழற்படக் கருவி பிடித்த படமன்று. மனிதர் கையால் தீட்டிய படம். அல்ஜீரியாவின் தென்கிழக்கே தசிலி நாஜர் என்னும் பாறைப் பீடபூமி உள்ளது. காற்றும் மழையும் அரித்த பாறைகள் அங்கே தூண்கள் போலவும் கோபுரங்கள் போலவும் காட்சி தருகின்றன. அப்பாறைகளில் 15,000-க்கும் மேற்பட்ட ஓவியங்களும் செதுக்கு உருவங்களும் உள்ளன. கி.மு. 6000 அளவில் தொடங்கி, கிறிஸ்து பிறந்தபின் சில நூற்றாண்டுகள் வரை அவை தீட்டப்பட்டு வந்தன. 1982-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

அவ்வோவியங்களில் காண்பது என்ன? மாட்டு மந்தைகள்! ஒட்டகச்சிவிங்கிகள்! இன்று ஒரு பிடி புல்லுக்கும் வழியில்லாத இடத்தில் இவை எப்படி மேய்ந்தன? அன்று சகாரா புல்வெளியாக இருந்தது. ஏரிகளும் ஆறுகளும் இருந்தன. பூமி சூரியனைச் சுற்றி வரும் நிலையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நிகழும் சிறுசிறு மாறுதல்களால் பருவமழை தெற்கு நோக்கி விலகியது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்னர் நிலம் வறண்டு பாலையாயிற்று. ஓவியங்களிலும் அம்மாறுதல் தெரிகிறது. மாடுகள் மறைகின்றன, குதிரைகள் பூட்டிய தேர்கள் வருகின்றன, இறுதியில் ஒட்டகம் வருகிறது. ஒட்டகங்களின் அருகே பெர்பர் மக்களின் பழைய எழுத்துகளும் காணப்படுகின்றன. நிலம் மாறியபோது வாழ்க்கையை மாற்றிக்கொண்டு நிலைத்தவர்களின் வரலாறு அது.

மணல் மட்டுந்தானா பாலைவனம்?

சகாராவின் பரப்பு ஏறத்தாழ 90 இலட்சம் சதுர கிலோமீட்டர்; நம் இந்திய நாட்டைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அவ்வளவும் மணல் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் மணற்பரப்பு நான்கில் ஒரு பங்கு அளவே. மற்றவை பாறை வெளியும் சரளைக்கல் நிலமும் மலைகளும் ஆகும். மொராக்கோவில் மெர்சூகா ஊரை ஒட்டிய எர்க் செப்பி மணல் மேடுகள் பல படங்களில் இடம்பெறுகின்றன. அவற்றுள் சில 150 மீட்டர் வரை உயர்ந்து நிற்கின்றன. காலையில் இளஞ்சிவப்பு, நண்பகலில் வெளிர்மஞ்சள், மாலையில் செம்பொன் என அவற்றின் நிறம் மாறுவதைப் படம் பிடிக்க உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர்.

ஆனால் வானிலிருந்து எடுத்த வேறொரு படத்தைப் பாருங்கள். வறண்ட தரையில் நேர்கோடாகச் சிறு மண்குவியல்கள், எறும்புப் புற்றுகளை வரிசையாக வைத்தாற்போல் செல்கின்றன. அவை என்ன? நிலத்தடியில் ஓடும் கால்வாயின் வாய்கள்! மலையடிவாரத்தில் ஊறும் நீரை, மெல்லிய சரிவாகத் தோண்டிய சுரங்கத்தின் வழியே, பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள சோலைக்குக் கொண்டு வருகின்றனர். வெயில் படாததால் நீர் ஆவியாகிப் போவதில்லை. சுரங்கத்தில் இறங்கித் தூர் வாரவும் காற்று புகவும் இடையிடையே தோண்டிய குழிகளே மேலே குவியல்களாகத் தெரிகின்றன. மொராக்கோவில் இதனைக் கெத்தாரா என்றும், அல்ஜீரியாவில் ஃபோக்காரா என்றும் கூறுவர்.

ஃபோக்காராவின் நீர் சோலையை அடைந்ததும் சீப்பின் பற்களைப்போல் இடைவெளி விட்டுச் செதுக்கிய ஒரு கல்லின் வழியே பாய்கிறது. ஒவ்வோர் இடைவெளியும் ஒரு குடும்பத்தின் பங்கு. உழைத்தவர்க்கு உழைப்பிற்கேற்ற நீர் உண்டு. அளந்து தரும் 'நீர் அளப்போர்' ஊராரின் நம்பிக்கைக்கு உரியவர்கள். அவர்களது அறிவுத் திறனை 2018-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ, உடனே காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இயந்திர இறைப்பான்கள் ஆழத்து நீரை உறிஞ்சுவதால் பல கால்வாய்கள் வற்றிவிட்டன. கால்வாய் வற்றினால் பேரீச்ச மரம் சாகும். அதன் நிழலில் வளரும் மாதுளையும் அத்தியும் சாகும். அவற்றின் அடியில் விளையும் காய்கறியும் கருகும். பசுஞ்சோலையின் படம் ஒரு நாள் வெறும் படமாகவே நின்றுவிடும்.

மழைக்குக் கரையும் கோட்டை

அடுத்த படம் பலரும் திரைப்படங்களில் கண்டிருக்கக் கூடிய ஒன்று. மொராக்கோவின் அட்லஸ் மலைக்குத் தெற்கே, ஊனிலா ஆற்றங்கரைச் சரிவில், செம்மண் நிறத்தில் அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் ஐத் பென் ஹத்து. 1962-இல் வந்த 'அரேபியாவின் லாரன்ஸ்', 2000-இல் வந்த 'கிளாடியேட்டர்' முதலிய படங்களின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன. சகாராவிலிருந்து மராகேஷ் நகருக்குச் சென்ற வணிகக் கூட்டங்களின் பாதையில் அமைந்த இவ்வூர், 1987-ஆம் ஆண்டு முதல் உலக மரபுச் சின்னமாகும்.

மதிலும் காவற்கோபுரங்களும் சூழ்ந்த இத்தகைய ஊரைக் 'க்சார்' என்பர். மண்ணைப் பலகைகளுக்கிடையே கொட்டி இடித்து இறுக்கிச் சுவர் எழுப்புவர். மேற்பகுதிகளைப் பச்சைச் செங்கல்லால் கட்டி அழகிய வடிவங்கள் அமைப்பர். கனத்த மண்சுவர் பகலில் வெயிலைத் தடுக்கும். இரவில் குளிரைத் தடுக்கும். ஆயினும் மண் மண்ணே! பெய்யும் மழை சுவரைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். ஒவ்வொரு முறையும் பூசி மெழுகிச் சீர் செய்தால்தான் வீடு நிற்கும். இன்றுள்ள கட்டடங்கள் 17-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டவை அல்ல என்று கருதப்படுகின்றது. அதாவது, இவ்வூரை இதுவரை காத்தது மண்ணின் வலிமையன்று. வீட்டில் குடியிருந்தோரின் கைகள். இன்று பெரும்பாலான குடும்பங்கள் ஆற்றின் மறுகரையில் வசதியான புதிய ஊருக்குச் சென்றுவிட்டன. சில குடும்பங்களே பழைய ஊரில் உள்ளன. படம் எடுப்போர் பெருகினர். சுவர் பூசுவோர் குறைந்தனர்!

அவ்வூரின் உச்சியில் ஒரு களஞ்சியம் உண்டு. 'அகாதிர்' என்னும் பொதுக் களஞ்சியங்கள் அட்லஸ் மலைப் பகுதிகளில் பல உள்ளன. உள்ளே தேனடையின் அறைகளைப்போல் சிறுசிறு அறைகள். ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஓர் அறை. ஒவ்வோர் அறைக்கும் ஒரு பூட்டு. வாற்கோதுமை, பேரீச்சம்பழம், எண்ணெய், நகை, பத்திரம் அனைத்தும் அங்கே பாதுகாக்கப்பட்டன. ஊரார் தேர்ந்தெடுத்த காவலர் ஒருவர் பொறுப்பு ஏற்பார். மழை பொய்த்த ஆண்டிலும் பகைவர் வந்த நாளிலும் ஊரை உயிரோடு வைத்திருந்தது இக்களஞ்சியமே.

ஐந்து நகரங்கள்

அல்ஜீர்ஸ் நகருக்குத் தெற்கே சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில் மசாப் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கே எல் அத்தூப், பூ நூரா, கர்தாயா, மெலிகா, பெனி இஸ்கென் என்னும் ஐந்து நகரங்களைப் பெர்பர் மக்களுள் ஒரு பிரிவினரான மொசாபியர் அமைத்தனர். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை ஒவ்வொன்றாக அவை எழுந்தன. தம் சமயக் கொள்கையைக் காத்துக்கொள்ள ஆள் நடமாட்டமற்ற இப்பாறை நிலத்தைத் தேடி வந்தவர்கள் அவர்கள்.

இந்நகரங்களின் படத்தைப் பார்த்தால் குன்றின்மேல் கனசதுரப் பெட்டிகளை அடுக்கி வைத்தது போலிருக்கும். உச்சியில் பள்ளிவாசல், அதைச் சுற்றி வட்டம் வட்டமாக வீடுகள், வெளியே மதில். பள்ளிவாசலின் கோபுரமே காவற்கோபுரமும் ஆகும். செல்வர் வீடும் எளியோர் வீடும் வெளித் தோற்றத்தில் வேறுபடுவதில்லை. அண்டை வீட்டாரின் வெளிச்சத்தையும் காற்றையும் மறைக்குமாறு எவரும் கட்டக்கூடாது. 20-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரும், நம் சண்டிகர் நகரை வடிவமைத்தவருமான லெ கொர்புசியே இங்கே வந்து கண்டு வியந்தார். அழகைத் தேடிக் கட்டிய நகரங்கள் அல்ல இவை. அயலாரை மதித்துக் கட்டியதால் அழகு தானே வந்தது.

கூரைமேல் தெருக்கள்

லிபியாவிலுள்ள கதாமிஸ் 'பாலைவனத்தின் முத்து' எனப்படும். இங்குத் தெருக்களுக்கும் கூரை உண்டு! மேல்மாடிகள் தெருவின்மேல் நீண்டு ஒன்றோடொன்று இணைவதால் கீழே நிழல் நிறைந்த குளிர்ந்த பாதைகள் உண்டாகின்றன. கீழ்த்தளத்தில் பண்டசாலை, அதன்மேல் குடும்பத்தார் வாழும் தளம், எல்லாவற்றிற்கும் மேலே திறந்த மொட்டைமாடிகள். அம்மாடிகள் பெண்களுக்கே உரியவை. ஒரு வீட்டு மாடியிலிருந்து அடுத்த வீட்டு மாடிக்கு அவர்கள் தெருவில் இறங்காமலே சென்று வரலாம். கீழே ஒரு நகரம், மேலே மற்றொரு நகரம்! 1986-இல் உலக மரபுச் சின்னமான இவ்வூர், நாட்டில் நிகழ்ந்த போரின் காரணமாக 2016-இல் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சீரமைப்புப் பணிகளுக்குப் பின் 2025-இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

துனீசியாவின் மத்மாத்தாவில் வீடுகள் மேலே எழுவதில்லை, கீழே இறங்குகின்றன. தரையில் பெரும் பள்ளம் தோண்டி அதனை முற்றமாக்கி, சுற்றிலும் மண்ணைக் குடைந்து அறைகள் அமைத்துள்ளனர். கோடையில் வெயிலும் எட்டாது, புயற்காற்றும் தொடாது.

மணலில் எழுதிய எழுத்து

இப்போது நாம் தொடக்கத்தில் கண்ட மனிதரிடம் வருவோம். நீலத் துணியால் முகம் மறைத்த அவர் துவாரெக் இனத்தவர். சகாராவின் நடுவே வாழும் பெர்பர் மக்களுள் ஒருவர். அவுரி நீலம் தோய்த்த துணியின் சாயம் தோலிலும் ஒட்டிக்கொள்வதால் இவர்களை 'நீல மக்கள்' என்பர். வியப்பு என்னவெனில், இவ்வினத்தில் முகத்தை மறைப்போர் ஆண்களே. பெண்கள் முகத்தை மறைப்பதில்லை. மரபுப்படி கூடாரம் பெண்ணின் உடைமை. ஒற்றை நரம்புடைய 'இம்சாத்' என்னும் இசைக்கருவியை வாசிப்போரும் பெண்களே. அவ்விசையை 2013-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இவற்றைவிடப் பெரியது ஒன்றுண்டு. பெர்பர் மொழிக்குத் 'திபினாக்' என்னும் சொந்த எழுத்து உள்ளது. வட்டமும் கோடும் புள்ளியுமாக அமைந்த இவ்வெழுத்தின் முன்னோடி வடிவம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. துனீசியாவின் துக்கா என்னுமிடத்துக் கல்லறைக் கோபுரத்தில் இரு மொழிகளில் பொறித்த கல்வெட்டு ஒன்று இருந்தது. இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அக்கல்வெட்டே பழைய எழுத்தைப் படித்தறிய உதவிற்று. வடக்கே இவ்வெழுத்து நாளடைவில் மறைந்தது. துவாரெக் மக்களிடம் மட்டும் மறையாமல் நின்றது. எப்படி? பள்ளிக்கூடமில்லை, அச்சகமில்லை, ஏடுகளில்லை. கூடாரத்தின் முன்னே அமர்ந்து, தாய் தன் விரலால் மணலில் எழுதிக் காட்டினாள். குழந்தை பார்த்து எழுதியது. காற்று வந்து அழித்தது. மறுநாள் தாய் மீண்டும் எழுதினாள். கல்லில் பொறித்த எழுத்து அழிந்த இடத்தில், மணலில் எழுதிய எழுத்து வாழ்ந்தது! இதற்குப் படம் ஏது?

எழுத்து மட்டுமா? கம்பளம் நெய்வதும், சக்கரமின்றிக் கையாலேயே மட்பாண்டம் வனைவதும், ஆர்கன் மரத்தின் கொட்டையைக் கல்லால் உடைத்து எண்ணெய் எடுப்பதும் பெண்கள் தம் பெண்மக்களுக்குத் தந்து வந்த கலைகளே. பழைய அஞ்சலட்டைகளில் வெள்ளி நகை அணிந்து நிற்கும் அப்பெண்களுக்குப் பெயர் இல்லை. 'பெர்பர் பெண்' என்று மட்டுமே அச்சிட்டிருக்கும். அவள் கையில் ஒரு மொழியே இருந்தது என்பதைப் படம் எடுத்தவர் அறியவில்லை.

அம்மொழி எளிதில் பிழைக்கவில்லை. நாடுகள் விடுதலை பெற்ற பின்னரும் பள்ளியிலும் அலுவலகத்திலும் அதற்கு இடமில்லை. 1980-ஆம் ஆண்டு மார்ச் மாதம், மூலூத் மம்மெரி என்னும் எழுத்தாளர் பழைய கபிலியப் பாடல்களைப் பற்றி அல்ஜீரியாவின் திசி ஊசூ பல்கலைக்கழகத்தில் பேசுவதாக இருந்தார். கவிதையைப் பற்றிய அச்சொற்பொழிவு தடை செய்யப்பட்டது. மாணவர்கள் திரண்டெழுந்தனர். 'பெர்பர் வசந்தம்' என வரலாறு அதனைக் கூறுகிறது. பின்னர் 2003-இல் மொராக்கோ தன் பள்ளிகளுக்குத் திபினாக் எழுத்தை ஏற்றது. 2011-இல் அங்கும், 2016-இல் அல்ஜீரியாவிலும் அம்மொழி ஆட்சிமொழித் தகுதி பெற்றது.

நாம் அறிந்த சிலர்

இம்மக்கள் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். நாம் வணங்கும் புனித அகுஸ்தீனார் கி.பி. 354-இல் பிறந்த தகாஸ்தே, இன்றைய அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸ் ஆகும். அவர் அன்னை புனித மோனிக்காவின் பெயரே பெர்பர் மொழியைச் சேர்ந்தது என அறிஞர் பலர் கருதுவர். மகனுக்காகக் கண்ணீர் விட்ட அந்தத் தாய் இம்மண்ணின் மகள்!

புனித சார்லஸ் தெ ஃபுக்கோ பிரெஞ்சுப் படை அதிகாரியாயிருந்து துறவியானவர். 1905-இல் தமன்ராசெத் சென்று துவாரெக் மக்களிடையே குடியேறினார். 1908-இல், கொடிய வறட்சியின்போது நோயுற்றுச் சாகும் நிலையில் கிடந்தார். தாமே பசித்திருந்த அம்மக்கள் அரிதாய்க் கிடைத்த ஆட்டுப் பாலைக் கொண்டுவந்து கொடுத்து அவரைப் பிழைப்பித்தனர். கொடுக்க வந்தவர் பெற்றுக்கொண்டார். அவர் அம்மக்களின் மொழியைக் கற்று, பாடல்களைத் திரட்டி, பெரிய அகராதி ஒன்றைத் தொகுத்தார். 1916 டிசம்பர் 1-ஆம் நாள் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது, அதே திருப்பலியில் புனிதராக உயர்த்தப்பட்ட மற்றொருவர் நம் கன்னியாகுமரி மண்ணின் தேவசகாயம். சகாராவும் குமரியும் ஒரே நாளில் ஒரே பீடத்தில் சந்தித்தன!

வரலாற்று மாணவியர் அறிய வேண்டிய மற்றொருவர் இபின் பதூதா. 1304-இல் தாஞ்சியர் நகரில், லவாத்தா என்னும் பெர்பர் குலவழியில் பிறந்தவர். உலகைச் சுற்றி வந்த அவர் 1340-களில் நம் மதுரைக்கும் வந்து, கண்டதை எழுதி வைத்தார்.

படத்திற்கு வெளியே

2023 செப்டம்பர் 8 இரவு மொராக்கோவின் அட்லஸ் மலையில் நில நடுக்கம் ஏற்பட்டது. 2,900-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைச் சரிவிலிருந்த அமாசிக் சிற்றூர்கள் பல மண்மேடாயின. 12-ஆம் நூற்றாண்டின் தின்மெல் பள்ளிவாசல் பெரிதும் இடிந்தது. ஐத் பென் ஹத்துவிலும் சேதம் நேர்ந்தது. அவ்வூர்களில் பலவற்றை அதற்குமுன் படங்களில் கண்டு 'எவ்வளவு அழகு!' என்று உலகம் சொல்லியிருந்தது. இடிந்தபோது புலப்பட்டது அழகு மட்டுமன்று. அங்கே மனிதர் வாழ்ந்தனர், படுத்துறங்கிய குழந்தைகள் இருந்தனர் என்பதும் ஆகும்.

ஒரு படத்தைக் கண்டு மகிழ்வது நல்லது. அதில் உள்ளவர் யார் என்று கேட்பது அதனினும் நல்லது. இந்தச் சுவரைப் பூசியது எவர் கை? இந்தத் தண்ணீரைப் பங்கிட்டவர் யார்? இந்தக் குழந்தைக்கு எழுத்தறிவித்தவள் யார்? கேட்கத் தொடங்கினால் மணற்காடு மக்கள் வாழும் நாடாகும். பெயரற்ற முகம் நம் உடன்பிறப்பின் முகமாகும். புவியியல் ஏட்டைத் திறக்கும்போதெல்லாம் நாம் அவ்வாறு கேட்கப் பழகுவோமாக!